இரண்டாவது வருசம் யாருக்கு உண்டு?



போன இதழின் பின்னட்டையில் சின்னதாக ஒரு அறிவிப்பு போட்டிருந்தோம். புன்னக்காயலில் நாங்கள் நடத்திவரும் மாலை வகுப்பில் நீட் தேர்வுக்கும் மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் சொல்லித் தருகிறோம், கட்டணம் கிடையாது, பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நாலே வரி. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்தத் தலையங்கத்தை எழுத வைக்கின்றன.

ஒரு தோழர் எழுதுகிறார்: "நீட்டை ஒழி என்று ஊர்வலம் போய்விட்டு, அதே நீட்டுக்கு டியூசன் எடுக்கிறீர்களே, இது என்ன அரசியல்?" சென்னையில் படிக்கும் மாணவர் ஒருவர் இன்னும் காரமாக: "கோச்சிங் சென்டர் நடத்துவதற்கு ஒரு தலித் பத்திரிகை எதற்கு?" மூன்றாவது கடிதம் ஒரு தாயிடமிருந்து. பென்சிலில் எழுதிய அஞ்சலட்டை. "எம் மவளச் சேத்துக்குவியளா? பஸ்ஸுக்கு எம்புட்டு ஆவும்? சாதி கேப்பாகளா?"

மூன்றாவது கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். முதல் இரண்டுக்கும் இங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தோழர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயத்துக்கு வெளியே சில பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.

முதலில் என் கதை. 1990-களின் தொடக்கத்தில் நான் பிளஸ் டூ முடித்தேன். தமிழ்நாட்டில் 1984 முதலே தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. மேல்நிலைத் தேர்வுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அந்த நூறைப் பற்றி என் பள்ளியில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு கேள்விக்கு நாலு விடை இருக்கும், சரியானதன் வட்டத்தைக் கறுப்பாக்கணும் என்பதையே நான் தேர்வு அறைக்குள் போய்த்தான் கண்டுகொண்டேன். பக்கத்து பெஞ்சுப் பையன் நடவு நடுவது மாதிரி வரிசையாக வட்டம் போட்டுக்கொண்டே போனான். நான் முதல் பத்து கேள்விக்கு மார்ஜினில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

அந்தப் பையனும் அந்த வருசம் தேறவில்லை. அது எனக்குப் பின்னால்தான் தெரியும். அவன் வீட்டில் 'இம்ப்ரூவ்மென்ட்' எழுத வைத்தார்கள். ஒரு வருசம் வீட்டில் உட்கார்ந்து படித்து மறுபடி எழுதினான். இன்றைக்கு டாக்டர். அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் ஐயா என்னிடம் கேட்டது மட்டும் மறக்கவில்லை: "இன்னொரு வருசம்னா, அதுவரைக்கும் யாருல சோறு போடுவா?" எங்கள் வீட்டில் அடுத்த கார் உண்டு, அடுத்த பிசானம் உண்டு. அடுத்த வருசம் என்று ஒன்று கிடையாது.

இந்தத் தலையங்கத்தில் நான் சொல்லவருவது இந்த ஒன்றைத்தான். நுழைவுத் தேர்வு அறிவை அளக்கிறது என்கிறார்கள். அது அளப்பது ஒரு குடும்பம் தன் பிள்ளையை எத்தனை வருசம் சும்மா உட்காரவைத்துச் சோறு போட முடியும் என்பதை.

இப்போது புன்னக்காயலுக்கு வருவோம்.

தாமிரபரணி கடலில் சேருகிற இடம் அது. ஆத்தூரிலிருந்து வாழைத் தோட்டங்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் தாண்டிக் கிழக்கே போனால் சாலை கடலில் போய் முடியும். தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான 'அடியார் வரலாறு' 1586-இல் இங்கேதான் அச்சானது என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதை எழுதியவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் போர்த்துக்கீசியர் என்றிக்கே என்றீக்கசு. யூத வழியில் பிறந்தவர் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபை முதலில் அவரை வெளியே அனுப்பியது. பிறகுதான் இயேசு சபையில் சேர்ந்து இந்தக் கரைக்கு வந்தார். பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்துவது உலகம் முழுக்க இருந்த வழக்கந்தான். நம்ம ஊரில் அது இன்னும் முடியவில்லை, அவ்வளவே.

நாங்கள் வகுப்பைப் புன்னக்காயலில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆற்றோர ஊர்களில் இடம் கேட்டு அலைந்தோம். "டியூசன் எடுங்க, நல்ல காரியம். ஆனா அந்தத் தெருப் பிள்ளைகளும் வருமா?" என்று கேட்டவர்கள் சாவியைத் தரவில்லை. கடைசியில் கடற்கரையில் ஒரு குடும்பம் வலை பின்னும் கொட்டகையைத் தந்தது. சாயங்காலம் வலையைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் பாய் விரிப்போம். கடற்கரைப் பிள்ளைகளும் வாழைக்காட்டுக் கூலிகளின் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். இதற்கு முன்னால் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீர் குடித்திராத பிள்ளைகள்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் இருபத்து நாலு மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் வந்தது. சாலை அறுந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை. கொட்டகைக்குள் மார்பளவு தண்ணீர். மூன்று வருசமாகப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேர்த்து வாங்கிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் எல்லாம் கூழாகிப் போயின. பிள்ளைகள் வீட்டில் வைத்திருந்த சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், நோட்டு எல்லாம் ஆற்றோடு போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பிள்ளை இயற்பியல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து மீன் கருவாடு காயப்போடுகிற மாதிரி மணலில் காயப்போட்டாள். ஒட்டிப்போன பக்கங்கள் பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தன.

நீட் தேர்வு 2024 மே 5. சரியாக நாலரை மாசம். இந்தியா முழுக்க ஒரே நாள், ஒரே கேள்வித்தாள், ஒரே மணி. ஒரே தேர்வு என்றால் சமத்துவம் என்கிறார்கள். கோட்டாவில் குளுகுளு அறையில் இருந்த பிள்ளைக்கும், அந்த டிசம்பரில் மாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையசைத்த பிள்ளைக்கும் ஒரே தேர்வுதான். வெள்ளம்தான் ஒன்றாக வரவில்லை.

எங்கள் வகுப்பிலிருந்து அந்த வருசம் எழுதியவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லணும். பேர் வேண்டாம். ஒருத்தி வாழைத்தார் சுமக்கிறவர் மகள். இன்னொருத்தன் அவள் சித்தப்பா மகன். ஒரே தெரு, சுவர் மட்டும் நடுவில். அண்ணன் தம்பி இருவரில் தம்பி குடும்பம் ரெண்டு தலைமுறைக்கு முன்னால் வேதத்தில் சேர்ந்தது. அதனால் அவளுக்கு எஸ்.சி. சான்றிதழ். அவனுக்கு 'ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்' என்று பி.சி. சான்றிதழ். 1950-ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை போட்ட கோடு இது. கோயிலுக்குப் போகிறவளும் சர்ச்சுக்குப் போகிறவனும் டீக்கடையில் ஒரே தம்ளரைத்தான் பார்த்தார்கள். சான்றிதழில் மட்டும் வேறு வேறு ஆட்கள்.

அதோடு போகவில்லை. அவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. அவன் சர்ச் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி. 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆக அவனுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அவன் அப்பாவுக்கும் அவள் அப்பாவுக்கும் ஒரே கூலிதான்.

2024 தேர்வில் அவளைவிட அவன்தான் அதிக மதிப்பெண் வாங்கினான். இதைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ளணும். ரெண்டு பேருக்கும் இடம் கிடைக்கிற அளவுக்கு இல்லை. அந்த வருசம் நாடு முழுக்க 67 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள் என்று முதலில் அறிவித்தார்கள். 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டார்கள், பிறகு பிடுங்கினார்கள். பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் கேள்வித்தாள் வெளியானது என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் தேர்வு முழுவதும் கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாது என்று மறுதேர்வுக்கு மறுத்துவிட்டது. எங்கள் கொட்டகையில் அன்றைக்கு ராத்திரி ஒரு பையன் கேட்டான்: "பெரியப்பா, கேள்வித்தாள வெலைக்கு வாங்குனவனுக்குப் பேரு மெரிட்டு. அப்ப நமக்குப் பேரு என்ன?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அவள் அப்பா, "இன்னொரு வருசம் எழுதட்டும்ணே, நான் ரெண்டு லோடு கூடச் சுமந்துக்கிடுதேன்" என்றார். மூத்தவள் கல்யாணமாகிப் போயிருந்தாள், வாய் குறைவு. அவன் வீட்டில் வெள்ளத்தில் வீடு விழுந்து, மறுபடி கட்டக் கடன் வாங்கியிருந்தார்கள். வட்டிக்காரன் வாரா வாரம் வாசலில் நின்றான். அவன் பழையகாயல் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரப் போனான். போகிற அன்றைக்குக் கொட்டகைக்கு வந்து புத்தகத்தைத் திருப்பித் தந்தான். "வேற யாருக்காவது குடுங்க பெரியப்பா."

2025 மே 4-இல் அவள் மறுபடி எழுதினாள். அந்த வருசம் இயற்பியல் எல்லோரையும் அழவைத்தது. இருந்தும் அவள் மதிப்பெண் முதல் வருசத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 7.5 சதவீதத்தில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்தை அரசு கட்டுகிறது.

இப்போது நான் கேட்கிறேன். ஒரே வருசத்தில் அவளுடைய தகுதி இரண்டு மடங்கு ஆகிவிட்டதா? மூளை வளர்ந்ததா? ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு வருசம் கிடைத்தது. அவளைவிட அதிகம் வாங்கியவனுக்கு அந்த வருசம் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் விசயம். இவர்கள் மெரிட் என்று சொல்வதை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்த ஒரு வருசம்.

இது எங்கள் கொட்டகைக் கதை மட்டும் இல்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நீட் வருவதற்கு முன்னால், 2016-17-இல், தமிழ்நாட்டில் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள், அதாவது பிளஸ் டூ முடித்து ஒரு வருசமோ அதற்கு மேலோ காத்திருந்து வந்தவர்கள், 12.47 சதவீதம். 2020-21-இல் அது 71.42 சதவீதம். நூற்றுக்கு எழுபது பேர் வருசத்தை விலைக்கு வாங்கியவர்கள். தமிழ்வழியில் படித்தவர்களின் பங்கு இரட்டை இலக்கத்திலிருந்து இரண்டு, மூன்று சதவீதத்துக்கு விழுந்தது. 2019-இல் தமிழ்நாடு அரசு சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்த கணக்கு இன்னும் அப்பட்டம்: அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் 48 பேர்.

தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2018 நீட் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கொடுங்கள் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1586-இல் எழுத்து வார்த்துத் தமிழை அச்சடித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, நாலு நூற்றாண்டு கழித்து ஒரு தேர்வு வாரியத்தால் தமிழில் ஒரு கேள்வித்தாளைப் பிழையில்லாமல் அச்சடிக்க முடியவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டி இருக்கிறது.

மெரிட் பேசுகிறவர்களிடம் இரண்டு கதைகளைச் சொல்லுங்கள்.

ஒன்று, நம் அம்பேத்கர். 1907-இல் மெட்ரிகுலேசன் தேறினார். 750-க்கு 282 என்று தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நூற்றுக்கு முப்பத்தெட்டு கூட இல்லை. அன்றைக்கு நம் மக்கள் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். கேலுஸ்கர் புத்தர் வரலாற்றைக் கையில் கொடுத்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்தது, 1913-இல் கொலம்பியாவுக்குப் போனார். அந்த 282-ஐ இன்றைய கட்-ஆஃப் கணினியில் போட்டால் 'தகுதி இல்லை' என்று துப்பியிருக்கும். அவருக்குக் கிடைத்தது என்ன? மதிப்பெண்ணைத் தாண்டி ஆளைப் பார்த்த சிலரும், படிப்பதற்குச் சில வருசங்களும்.

இன்னொன்று அமெரிக்கக் கதை. அங்கே கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. என்று ஒரு தேர்வு. நாலு விடைத் தேர்வுகளுக்கெல்லாம் தாத்தா அது. அதை 1926-இல் உருவாக்கிய குழுவின் தலைவர் கார்ல் பிரிகாம். அதற்கு மூன்று வருசம் முன்னால் அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ராணுவத்தில் வைத்த அறிவுத் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு, வடக்கு ஐரோப்பிய வெள்ளையர்களே உயர்ந்தவர்கள், கறுப்பர்களும் மற்றவர்களும் தாழ்ந்தவர்கள் என்று 'நிரூபித்த' புத்தகம். 1930-இல் அவரே அந்த ஆய்வுக்கு அடிப்படையே இல்லை என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். புத்தகம் செத்தது, தேர்வு சாகவில்லை. 2020-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அந்தத் தேர்வை விலக்கியது. அப்போது விலக்கிய வேறு சில பல்கலைக்கழகங்கள், தேர்வு இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைகளை அடையாளம் காண்பது இன்னும் கஷ்டம் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. அங்கேயும் சண்டை முடியவில்லை. ஆனால் அங்கே தேர்வை யாரும் கடவுள் ஆக்கவில்லை. இங்கே ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் கடவுளும் காசுக்கு வழிவிடும். 2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்பு நீட்டில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதிக் கோட்டைப் பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்று இறக்கினார்கள். தேர்வு எழுதியிருந்தால் போதும். நமக்கு ஒதுக்கீடு கேட்டால் நோயாளி செத்துப்போவான் என்று அலறியவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சரி, நம்மைப் பற்றியும் கொஞ்சம் உண்மை பேசுவோம். நீட் வருவதற்கு முன்னால் நம் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் குவிந்து கிடந்தார்களா? இல்லை. 2006-இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்தார்கள், 2007-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நாமும் கொண்டாடினோம். பிறகு என்ன ஆச்சு? பிளஸ் ஒன் பாடத்தை மூடிவைத்துவிட்டு ரெண்டு வருசமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கிற விடுதிப் பள்ளிகள் கோழிப்பண்ணை மாதிரி முளைத்தன. மாநில முதலிடங்களை அவர்களே அள்ளினார்கள். அப்போதும் அரசுப் பள்ளிப் பிள்ளை குறைவுதான். நாம் அதை எதிர்த்து எத்தனை ஊர்வலம் போனோம்? நீட் கொடியது. ஆனால் நீட் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அதுவும் பொய்.

2017-இல் அரியலூர் குழுமூர் அனிதாவை நாம் இழந்தோம். சுமைதூக்கும் தொழிலாளி மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 86. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றாள். ஆகஸ்ட் 22-இல் தீர்ப்பு, செப்டம்பர் 1-இல் அவள் இல்லை. அந்த இதழின் அட்டையில் அவள் படத்தைப் போட்டோம். அதற்குப் பிறகு வருசா வருசம் யாராவது ஒரு பிள்ளை படம் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? செத்த பிறகு அட்டைப்படம் கொடுத்தோம். இனி ஒரு பிள்ளையின் படத்தையும் அந்த வகையில் அச்சடிக்க எனக்கு மனசு இல்லை. இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தேர்வு உங்களை அளக்கவில்லை. உங்கள் அப்பா அம்மாவின் மடிச்சீலையை அளக்கிறது. அதில் தோற்றது நீங்கள் இல்லை. மனசு ரொம்பக் கனத்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் கதவைத் தட்டுங்கள், யாரிடமாவது சொல்லுங்கள்.

இனி முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில்.

எதிர்ப்பதும் படிப்பதும் முரண் என்கிறீர்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக நம் தாத்தன்மார் போராடினார்கள். அந்தப் போராட்டம் நடந்த நாளெல்லாம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்காமலா இருந்தார்கள்? ரெண்டு மைல் நடந்து ஆற்றிலிருந்து குடம் சுமந்தார்கள். குடம் சுமந்ததால் கிணற்றை விட்டுக்கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை.

தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இல் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாலு வருசம். அந்த நாலு வருசத்தில் நாலு செட் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து வெளியே வந்தார்கள். "பொறுங்க, சட்டம் வரட்டும்" என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? மருத்துவத்தோடும் இது நிற்கவில்லை. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. படிக்கவும் பொது நுழைவுத் தேர்வு. டெல்லி, ஹைதராபாத், நம் திருவாரூர், எல்லாவற்றிலும் அந்த வாசல்தான். சேலத்திலிருந்து போன முத்துகிருஷ்ணன் ஜே.என்.யு. நுழைவுத் தேர்வைப் பலமுறை எழுதி, இடையில் கிடைத்த வேலையெல்லாம் செய்து, உள்ளே போனார். உள்ளே போன பிறகும் 2017 மார்ச்சில் அவரை இழந்தோம். 2008-இல் ஹைதராபாத்தில் செந்தில்குமார், 2016-இல் ரோகித் வெமுலா. வாசலைத் தாண்டினால் விடுதலை என்று நான் சொல்லவில்லை. வாசலுக்கு உள்ளேயும் நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து இருக்கணும் என்கிறேன். ஒத்தை ஆளாக அனுப்பியதுதான் நாம் செய்த தப்பு.

சென்னை மாணவத் தோழருக்கு: எங்கள் கொட்டகையில் இயற்பியல் சொல்லித்தர ஆள் இல்லை. உங்கள் கல்லூரி விடுமுறை விடுகிறது. பேருந்துக் காசு நாங்கள் தருகிறோம். வந்து ஒரு மாசம் தங்கிச் சொல்லிக்கொடுங்கள். சாயங்காலம் நாம் அரசியலும் பேசலாம். மீன் குழம்பு உண்டு.

வாசகர்களிடம் மூன்று கேட்கிறேன்.

ஒன்று, 'இரண்டாவது வருச நிதி' என்று ஒன்றைத் தொடங்குகிறோம். ஒரு பிள்ளை ஒரு வருசம் வேலைக்குப் போகாமல் படித்தால் அந்த வீட்டுக்கு இழப்பாகிற கூலியை, முழுவதும் முடியாவிட்டாலும் ஒரு பங்கையாவது, அந்த வீட்டுக்கே கொடுப்பது. டியூசன் பீசுக்கு உதவி செய்ய ஆள் உண்டு. கூலிக்கு உதவி செய்ய ஒருத்தரும் இல்லை. நம் பிள்ளைகள் நிற்பது அங்கேதான். அரசு ஊழியத் தோழர்கள், இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள், மாசம் ஒரு நாள் சம்பளம் என்று ஒதுக்குங்கள்.

இரண்டு, போராட்டக் கோரிக்கையைக் கூர்மையாக்குவோம். 'நீட் ஒழிக' என்பதோடு நிறுத்த வேண்டாம். உதவிபெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கும் உள் ஒதுக்கீடு வேண்டும். மதம் மாறிய தலித்துகளை எஸ்.சி. பட்டியலில் சேர்க்கவேண்டும். பேரிடர் தாக்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்த வருசத் தேர்வில் தனி ஏற்பாடு வேண்டும். இதையெல்லாம் ஊர்வலத்தில் கோஷமாகப் போட வராதுதான். மனுவாக, வழக்காக, சட்டமன்றக் கேள்வியாகப் போடலாம்.

மூன்று, ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொட்டகை. பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு விளக்கு, ஒரு பாய், பழைய கேள்வித்தாள் பத்து வருசத்துக்கு. விடைத்தாளில் வட்டம் போடப் பழக்கிவிடுங்கள். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும், தெரியாததைத் தொடாதே என்று சொல்லிக்கொடுங்கள். என்னைப் போலத் தேர்வு அறைக்குள் போய் ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. போன மாசம் பழையகாயல் உப்பளத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். உள்ளங்கால் வெடித்திருந்தது. கண் இடுங்கிப் போயிருந்தது, உப்பின் வெள்ளை அப்படி. "நீட் எழுதுறதுக்கு இப்ப வயசு வரம்பு கெடையாதுல. 2022-லயே எடுத்துட்டாவ" என்றேன். அவன் சிரித்தான். "வட்டிக்கு வரம்பு இருக்கா பெரியப்பா?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "அந்த பயாலஜி புக்க யாருக்காவது குடுத்துட்டியளா?"

குடுக்கவில்லை. கொட்டகையில் வலைக்கு மேலே, தண்ணீர் ஏறாத உயரத்தில், பலகை அடித்து வைத்திருக்கிறோம். அவன் பெயர் எழுதி. முதல் இரண்டாவது வருச நிதி அவன் கடனுக்குப் போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். பாக்கிக்கு உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்ப்போம். எழுதுவோம். ஒத்தையாக அல்ல, சேர்ந்து.

ஜெய்பீம்.